வெயில் இல்லாத மாதத்தில் ஏத்தங்காய்ப் பொடி

மே 28

பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இனி தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் தொடங்க வேண்டும். குலசேகரத்தில் குழந்தை உணவு டப்பாவை விசாரித்தேன். 300 கிராம், கிட்டத்தட்ட 300 ரூபாய். என் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து மாமி, “ஏத்தங்காய் இருக்கும்போ டப்பா எதுக்கு பிள்ளே?” என்றார். அவர் பெற்றதெல்லாம் அந்தப் பொடியில் வளர்ந்ததுதான்.

மே 30

சந்தையில் 4 கிலோ ஏத்தங்காய், 200 ரூபாய். நன்றாக விளைந்த பச்சைக்காயாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டிவிட்டால் இனிப்பு ஏறிப் பிசுபிசுக்கும், பொடியாகாது. தோலைச் சீவி, சீவியதைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தோம், இல்லையென்றால் கறுத்துவிடும். மாமி அரிவாள்மணையில் தாள் கனத்துக்கு வட்டம் வட்டமாக அரிந்தார். என் விரலெல்லாம் கறை. சொளவில் வெள்ளை வேட்டி விரித்து முற்றத்தில் உணக்க வைத்தாயிற்று.

ஜூன் 2

மழை. கோதையாற்றில் தண்ணீர் கூடி, அருவியில் குளிக்க விடவில்லையாம். அது சுற்றுலாக்காரர் கவலை. என் கவலை சொளவு. ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டிய துண்டு ரப்பர் ஷீட் மாதிரி வளைகிறது. ஷீட் உணக்கும் புகைப்புரையில் வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொன்னார். அந்த நாற்றத்தை எந்தப் பிள்ளை தின்னும்! புள்ளி விழுந்த துண்டுகளை எல்லாம் வெளியே கொட்டினேன். பூசண நஞ்சு காய்ச்சினாலும் போகாது. மிச்சத்தைத் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வாட்டினோம்.

ஜூன் 5

பொடித்துச் சலித்ததில் அரைக்கிலோ தேறியது. கேஸையும் கணக்கில் சேர்த்தாலும் எடைக்கு எடை டப்பா விலையில் பாதிதான். மாமியின் உழைப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தச் சிக்கனக் கணக்குகளில் யாரும் சேர்ப்பதில்லை.

காய்ச்சிக் கொடுத்தேன். கரண்டியைச் சரித்தால் உடனே வழியாத பதம். கருப்பட்டி போடுவதா வேண்டாமா என்று சின்ன வழக்கு. இனிப்பே வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ஜெயித்தேன். மார்த்தாண்டம் தேனை நாக்கில் தொட்டு வைப்பதும் ஒரு வயது வரை கிடையாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்து கைக்குழந்தைக்கு ஆபத்து. டப்பாவிலும் இனிப்புப் பிரச்சினை உண்டு. இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரி 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருப்பதாக 2024-ல் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு சொன்னது.

ஆனால் டப்பாவில் இரும்புச்சத்து சேர்த்திருக்கிறார்கள். ஏத்தங்காய்ப் பொடி பெரும்பாலும் மாவுச்சத்து. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் வரும் இரும்பும் போதாது. பொடியை மட்டும் நம்பினால் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும், இரத்தம் இருக்காது. மாமியிடம் இதை எப்படிச் சொல்வது!

ஜூன் 9

அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கினேன். காசில்லை. வெல்லம் சேர்ந்தது என்பதால் அளவாகத்தான் கொடுக்கிறேன். முளைகட்டிய கேப்பை இன்னும் நல்லது. முளைக்கும்போது மாவுச்சத்து உடைவதால் மாவைக் கூட்டிப் போட்டாலும் கஞ்சி இறுகாது. ஆனால் அதையும் உணக்க வேண்டுமே.

ஜூன் 13

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் விசைப்படகுக்குத் தடைக்காலம். வள்ளக்காரர் பிடித்த சாளை கொஞ்சம் வந்தது. உப்பும் மிளகும் சேர்க்கும் முன் ஒரு துண்டை ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, குழைந்த சம்பாச் சோற்றோடு பிசைந்தேன். பிள்ளை கையைப் பிடித்து இழுத்துத் தின்றது. மீன், முட்டை, இறைச்சி ஏதாவது ஒன்று தினமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது. செலவு? எங்கள் சட்டியிலிருந்து ஒரு துண்டு குறைந்தது, அவ்வளவுதான். நாளைக்குச் சிறுபயறு. சாயங்காலத்துக்கு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில் குலை தள்ளி நிற்கிறது.

ஜூன் 16

பொடிக்குப்பி பாதிக்கு மேல் இருக்கிறது. வாரத்தில் ஓரிரு வேளைதான் காய்ச்சுகிறேன். மாமிக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். தை மாதம் நல்ல வெயில் வரும், அப்போது இரண்டு குலை வாங்கிப் போடலாம் என்றார். அப்போது இவனுக்கு ஒரு வயது தாண்டியிருக்குமே என்றேன்.

“அடுத்ததுக்கு ஆவும்” என்றார்.