இரண்டு டம்ளர்

'ரோஜா' 1992-இல் வந்தபோது எனக்கு நாலு வயசு. படத்தை டிவியில் பார்த்தது பிறகுதான். கதாநாயகி அறிமுகமாகிற பாட்டு வந்தால் போதும், வீட்டில் யாராவது ஒருத்தர் "அது நம்ம ஒகேனக்கல்டா" என்று கத்துவார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை. அப்புறம்தான் புரிந்தது, படத்தில் அது எங்கள் ஊர் இல்லை. கதைப்படி ரோஜாவின் ஊர் சுந்தரபாண்டியபுரம், தென்காசிப் பக்கம். நடுவில் பாதித் தமிழ்நாடு கிடக்கிறது. மணிரத்னமும் சந்தோஷ் சிவனும் எங்கள் அருவியைத் தூக்கிக்கொண்டு போய் தெற்கே வைத்துவிட்டார்கள். பரிசல்காரர், மீன் வறுக்கிற அக்கா, எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் யாரும் இல்லாத அருவி. தண்ணீர் மட்டும் எங்களுடையது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு வருசத்துக்கு முன்பே செய்து பார்த்த விஷயம். மாஸ்கோ தெருவில் நடக்கிற நடிகர்களின் ஷாட்டையும் வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டினார். பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே ஊர். அவருடைய இன்னொரு சோதனை இதைவிடப் பிரபலம். ஒரே நடிகரின் சலனமில்லாத முகம், பக்கத்தில் ஒரு தடவை சூப் கிண்ணம், ஒரு தடவை சவப்பெட்டி. முகம் மாறவே இல்லை. பார்த்தவர்கள் அதில் பசியைப் பார்த்தார்கள், துக்கத்தைப் பார்த்தார்கள். அதாவது அர்த்தம் ஷாட்டுக்குள் மட்டும் இல்லை. பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதிலும், பார்க்கிறவன் எதைக் கொண்டுவந்து வைக்கிறான் என்பதிலும் இருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை, ஹாஸ்டல் ரூம்மேட். எங்கள் மாவட்டத்துக்காரன்தான், தருமபுரி டவுனுக்குப் பக்கம். இன்ஜினியரிங் பாடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அரியர் இருந்தது, சினிமாவில் இல்லை. ராத்திரி கம்ப்யூட்டரில் படம் ஓடும். அவன் அடிக்கடி ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்துவான். 'பதேர் பாஞ்சாலி'யில் அப்புவும் துர்காவும் நாணல் பூக்களுக்கு நடுவில் ரயில் பார்க்கப் போகும் காட்சியை அப்படித்தான் நாலைந்து தடவை பார்த்தோம். "ரயிலக் காட்டறதுக்கு முன்னாடி அந்தக் கம்பத்துல காத வெச்சுக் கேக்குறாங்க பாரு. மொதல்ல சத்தம். அப்பறம்தான் ரயில். அந்தப் பசங்களுக்கு அது அதிசயம்டா, அதான் லேட் பண்றாரு." ஒரு காட்சியை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்.

2012 நவம்பர் 7. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைத் தொடர்ந்து, மணப்பெண்ணின் தந்தை இறந்துபோன அன்று, நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. என் நண்பனின் வீடு அந்த மூன்றில் ஒன்றில் இருந்தது.

நான் அப்போது பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருசம். மறுநாள் செய்தியில் வந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரி படிந்த சுவர், கூரை போன வீடு, வாசலில் நிற்கிற பெண்கள். பழக்கதோஷத்தில் நான் கவனித்தது இது: எரிந்தது ஃப்ரேமுக்குள் இருக்கிறது, எரித்தவர்கள் யாரும் இல்லை. போட்டோகிராபர் மேல் தப்பு சொல்ல முடியாது, எல்லாம் முடிந்த பிறகுதான் கேமரா போய்ச் சேரும். ஆனால் ஃப்ரேமுக்கு வெளியே இருந்தவர்கள் எனக்குத் தெரியாதவர்கள் இல்லை. என் சொந்தக்காரர் யாரும் போனார்களா என்று நான் வீட்டில் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. போனில் அம்மா, "ஆபீஸ்ல இதப்பத்தியெல்லாம் யார்கிட்டயும் பேசிட்டு இருக்காத கண்ணு" என்றார்.

நண்பனின் நம்பரை எடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அப்புறம் என்பது வரவே இல்லை.

2013 ஜூலை 4-ஆம் தேதி, அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை இளவரசன், தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் தண்டவாளத்தின் ஓரம் இறந்து கிடந்தார். கொலையா தற்கொலையா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. பின்னாளில் அரசு அமைத்த விசாரணை ஆணையம் தற்கொலை என்றது. நான் பெங்களூரிலிருந்து ஊருக்கு வருகிற அதே பாதை. ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி. அதற்குப் பிறகு ரயில் தருமபுரியை நெருங்கினால் நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை.

'பரியேறும் பெருமாள்' 2018 செப்டம்பரில் வந்தது. பெங்களூரில் ஒரு மல்டிப்ளெக்ஸில், சப்டைட்டிலோடு பார்த்தேன். மாரி செல்வராஜின் கதை திருநெல்வேலியில் நடக்கிறது. ஆனால் முதல் பத்து நிமிசத்திலேயே கருப்பி என்கிற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப் போடுகிறார்கள். குலெஷோவ் சொன்னது எனக்குள் நடந்தது. அவர்கள் எங்கள் அருவியைத் தெற்கே கொண்டுபோன மாதிரி, நான் அந்தத் தண்டவாளத்தை வடக்கே கொண்டுவந்துவிட்டேன். அப்பு ஆசையாக எதிர்பார்த்த அதே ரயில்தான். இங்கே அதிசயம் இல்லை. கட்டிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த வாரமே நீளமாக ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டேன். நீல நிறம் ஏன், பா. ரஞ்சித்தின் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரே நீலம்தானே. செத்த நாய் நீல உடம்போடு ஏன் திரும்பி வருகிறது. கொலை செய்கிற கிழவரை ஏன் யார் வீட்டுத் தாத்தா போலவும் காட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் 2012-இன் போட்டோக்களைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்: செய்திப் படங்களில் ஃப்ரேமுக்கு வெளியே நின்றவர்களை இந்தப் படம் உள்ளே கொண்டுவருகிறது என்று. நல்ல வரி என்று நிறையப் பேர் சொன்னார்கள். கடைசி ஷாட்டுக்குத் தனிப் பத்தி. பரியனும் ஜோவின் அப்பாவும் பேசி முடித்த பிறகு, மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் கறுப்பு, இன்னொன்றில் பால் கலந்தது, நடுவில் ஒரு பூ. நிறங்கள் பக்கத்தில் வந்துவிட்டன, கலக்கவில்லை, பூ என்பது இன்னும் பதில் வராத கேள்வி என்று எழுதியிருந்தேன். கட்டுரை நன்றாக ஓடியது. ஆபீஸில் கூட இருவர் படித்துவிட்டுக் கை கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி, ஆறு வருசத்துக்குப் பிறகு, அவனிடமிருந்து மெசேஜ் வந்தது.

"நல்லா எழுதியிருக்கடா. அந்த ரெண்டு டம்ளரும் ஒரே சைஸ். அத விட்டுட்ட."

உடனே புரியவில்லை என்று சொல்லத்தான் ஆசை. படித்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

மூன்றாம் வருசம், 2008-இல், ஒரு லீவுக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா நன்றாகத்தான் வரவேற்றார். "எந்த ஊரு தம்பி?" சொன்னான். "அங்க எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் எதற்குக் கேட்கப்படுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அவனும் தெரிந்தேதான், "காலனிங்கம்மா" என்றான். அம்மாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. குலெஷோவின் நடிகர் மாதிரி. உள்ளே போனார். டீ வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவனுக்கு, ஏதோ விசேஷத்துக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப். பாதிதான் பிடிக்கும் அதில். "சூடா இருக்கு, பாத்து குடி தம்பி" என்று அன்பாகவே சொன்னார்.

அவன் குடித்தான். கப்பைக் கசக்காமல், மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஓடியது என்று ஞாபகம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

ஆக, டீக்கடைகளின் இரட்டை டம்ளர் முறை பற்றிக் கட்டுரையில் ஒரு வரி எழுதும்போது கூட, 'ஒரு காலத்தில் நம் கிராமங்களில்' என்றுதான் ஆரம்பித்திருந்தேன். கறுப்பையும் வெள்ளையையும் பார்த்தேன், பூவைப் பார்த்தேன். டம்ளரைப் பார்க்கவில்லை. எது தன்னைக் குத்துமோ அதைத் தாண்டி அடுத்த குறியீட்டுக்குப் போய்விட எனக்கு நன்றாகவே வருகிறது. குறியீடு கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிற வசதி அது. ஃப்ரேமின் ஒவ்வொரு மூலைக்கும் விரல் நீட்டிக்கொண்டே இருக்கலாம், நீட்டுகிற கை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவனுக்கு அந்த ஷாட் எதையும் குறிக்கவில்லை. ஒரு மேசையில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி டம்ளரில் டீ வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்காக ஒரு முழுப் படம் ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் போன் செய்தேன். ஆறு வருசம் தாமதம். மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. "அத விடுடா. நவம்பர்ல ஒரு போன் வரும்னு பாத்தேன், அவ்ளோதான்" என்றான். வீடு திரும்பக் கட்டியாகிவிட்டது என்றான். பிறகு படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். பழைய மாதிரி அவன் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். "பேப்பர் கப்பா? எனக்கு ஞாபகமே இல்லயே கண்ணு" என்றார். பொய் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தம்பி இப்ப எங்க வேல பாக்குது?" என்றார். சொன்னேன். "ஒரு தடவ வரச் சொல்லு" என்றார். எந்த டம்ளரில் என்று நான் கேட்கவில்லை. அவனையும் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அம்மாவுக்கு முன்னால் நான் அடுப்படிக்குப் போய் அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கும், அதை இத்தனை நாள் செய்யாமல் இருக்க எனக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

2018-இல் எழுதிய அந்தக் கட்டுரை இன்னும் இணையத்தில் இருக்கிறது. எப்போதாவது யாராவது பகிர்கிறார்கள். கடைசி ஷாட்டைப் பற்றிய பத்தியை யாராவது எடுத்துப் போட்டால் மட்டும் அதன் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறேன்: இரண்டு டம்ளரும் ஒரே சைஸ். இதை கவனித்தது நான் இல்லை.