பென்ட்ரிக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு: பிணைச்சல் முதலில், நிறம் பிறகு



கொஞ்சம் நீண்ட பதிவு. வீடு கட்டுகிறவர்கள், குசினி திருத்துகிறவர்கள், மகளின் கல்யாணத்துக்கு முன்னர் வீட்டு வேலையை முடிக்க ஓடித் திரிகிறவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். மற்றவர்கள் ஒரு லைக்கைப் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பென்ட்ரி கபேட் அடிக்கிறோம் என்று தெரிந்ததும் வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன கலர்?" பிணைச்சல் என்ன வகை என்று ஒருவரும் கேட்கவில்லை. லாச்சிக்கு என்ன ரெயில் என்றும் கேட்கவில்லை. கபேட் பழுதாகும்போது நிறமா பழுதாகிறது? கதவு தொங்குவதும், லாச்சி பாதியில் இறுகுவதும், கைபிடி கறள் பிடிப்பதும்தானே ஊரில் நாம் காணும் காட்சி.

எங்கள் விசயத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. உம்மாவுக்கு இரண்டு வருடமாக விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழும்பியதும் கையை மடிக்க அரை மணித்தியாலம் எடுக்கும். பழைய அலுமாரியில் இருந்தது சின்ன உருண்டைப் பிடி. அதைத் திறக்க முடியாமல் என்ட சின்ன மகளைக் கூப்பிடுவார். பிறகு கூப்பிடுவதும் குறைந்தது. எடுக்கிற சாமான்களை எல்லாம் மேசைக்கு மேலேயே பரப்பி வைக்கத் தொடங்கினார். கல்யாணத்தோடு எனக்கு எழுதித் தந்த வீடுதான் இது, ஆனால் குசினி இன்றைக்கும் உம்மாவுடையது. அது அவர் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் எனக்கு முதல் கணக்கு. பலகையும் நிறமும் அதற்குப் பிறகு.

அதனால் உம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் கல்முனைப் பக்கம் ஹாட்வெயார் கடைகளுக்குப் போனேன். ஆண்கள் மட்டும் போய் வாங்கி வருகிற சாமான் இது. கடைக்காரர்களுக்கே கொஞ்சம் ஆச்சரியம். எல்லாக் கடையிலும் கைபிடிகளை ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, சோதித்துப் பார்க்க அது நல்ல வசதி. கைப்பைக்குள் ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய் கொண்டு போயிருந்தேன். குசினியில் யார் காய்ந்த கையோடு நிற்கிறார்கள்? இரண்டு சொட்டு உம்மாவின் விரலில் தடவிவிட்டு, "இப்ப இழுத்துப் பாருங்க" என்றேன். கடைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

உருண்டைப் பிடி முதலாவதாகத் தோற்றது. அதைப் பிடிக்க விரல் நுனிகளைக் குவித்துக் கிள்ள வேண்டும். வாதம் உள்ள கைக்குக் கிள்ளுகிற வேலைதான் மிகக் கடினம். கைபிடியே இல்லாமல் கதவின் விளிம்பில் பள்ளம் விட்டுச் செய்கிறார்களே, இப்போது எல்லாரும் விரும்புகிற அந்த வகை, அதுவும் சரிவரவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் மாவும் எண்ணெயும் சேர்ந்தால் துடைக்கப் போவது யார் என்று உம்மா கேட்டார். அமத்தினால் திறக்கிற வகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது முழங்கை பட்டாலும் திறக்கும்" என்று தள்ளிவிட்டார்.

வென்றது சாதாரண வளைவுக் கைபிடி. நான்கு விரலும் உள்ளே போகும். விரலை இறுக்கத் தேவையில்லை, கொக்கி மாதிரிக் கொழுவி மணிக்கட்டால் இழுத்தால் போதும். கைபிடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் விரல் மூட்டு கதவில் உரசும். இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிக் கைபிடியை நான் வேண்டாம் என்றேன். அபாயாக் கையும் ஷோல் நுனியும் அதில் மாட்டும், கையில் சூடான சட்டி இருக்கிற நேரம் பார்த்துத்தான் மாட்டும்.

"இது நான் சொன்னாக் கேக்குது" என்றார் உம்மா, அந்த வளைவுக் கைபிடியை இழுத்துப் பார்த்துவிட்டு.

கைபிடி வாங்கும்போது இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எடுங்கள். பொதுவாக 96, 128, 160 மில்லிமீற்றர் என்று வரும். எல்லாம் 32இன் மடங்கு. இந்த அளவுகளில் ஒன்றை எடுத்தால் பத்து வருடத்துக்குப் பிறகு அலுத்துப் போனாலும் அதே துளையில் வேறு கைபிடி பூட்டலாம். அபூர்வமான அளவு என்றால் பழைய துளையை மூடப் புதுக் கதவுதான் வேண்டும்.

சரி, இனிப் பிணைச்சலுக்கு வருகிறேன். காசை எங்கே போட வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம்முடைய ஊர்கள் கடலோடு ஒட்டியவை. வாடைக் காலத்தில் கடல் பக்கமிருந்து வருகிற காத்தில் உப்பு இருக்கிறது. யன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும். கொழும்பிலோ கண்டியிலோ உள்ள சொந்தக்காரர், "நாங்க இதத்தான் போட்டோம், ஒண்ணும் ஆகல்ல" என்று சொல்வதை அப்படியே கேட்க முடியாது. கண்டியில் கடல் இல்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். துருப்பிடித்தல் பாடத்துக்கு வருடா வருடம் ஆணியைத் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் போட்டுக் காட்டுவோம். (பாடப் புத்தகத்தில் துரு, ஊரில் கறள். பிள்ளைகள் இரண்டையும் எழுதுவார்கள், நான் இரண்டுக்கும் புள்ளி போடுவேன்.) இந்த முறை ஆணியோடு சேர்த்து, மூன்று கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிய மூன்று பிணைச்சல்களையும் வைத்தோம். கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதே அளவில் கரைத்து, ஒவ்வொரு நாளும் ஒருமுறை நனைத்துவிட்டு வெளியே காயவிட்டோம். முழுவதும் அமிழ்த்தி வைப்பதைவிட நனைந்து காய்வதுதான் நம்முடைய குசினி நிலைமைக்குக் கிட்ட.

மலிவானது மூன்றாம் நாளே சிவந்துவிட்டது. அது சாதாரண இரும்புக்கு மேலே மெல்லிய நிக்கல் பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்து கறள் தொடங்கும். இரண்டாவதில் வெளித்தகடு நன்றாக இருந்தது, ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் இணைக்கிற ஊசியும் கறுத்துச் சிவந்தன. மூன்றாவது, விலை கூடியது, இரண்டு கிழமைக்குப் பிறகும் துடைத்தால் போகிற சில புள்ளிகளோடு நின்றது. ஆனால் அதோடு பெட்டிக்குள் வந்த திருகாணிகள்! ஐந்தாம் நாளே கறள். பிணைச்சலை ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் செய்துவிட்டு ஆணியை இரும்பில் வைத்துத் தருகிறார்கள். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தபோது வகுப்பே சத்தம் போட்டது. ஆகவே திருகாணியையும் தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கடைக்காரர் காந்தத்தை எடுத்து வைத்து, "பாருங்க டீச்சர், ஒட்டல்ல, அசல் ஸ்டீல்" என்றார். இதை நம்பி எத்தனை பேர் காசு கொடுத்திருப்பார்கள் தெரியாது. விசயம் இதுதான். ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் 304 என்று ஒரு தரம் உண்டு. அதில் ஏறக்குறைய 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். 201 என்று இன்னொன்று உண்டு. நிக்கல் விலை கூட என்பதால் அதைக் குறைத்து மங்கனீசு சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் உப்புக்காத்தில் 201 முந்திக் கறள் பிடிக்கும். நல்ல 304கூட வளைத்து அடித்த இடத்தில் காந்தத்தை இலேசாக இழுக்கலாம். ஆகவே காந்தம் பலமாக ஒட்டினால் அது சாதாரண இரும்பு அல்லது மலிவு வகை என்று ஓரளவுக்குச் சொல்லலாம், ஒட்டவில்லை என்பதற்காக நல்லது என்று சொல்ல முடியாது. தகட்டில் 304 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்கவில்லை. 316 என்று இதற்கும் மேலே ஒரு தரம் உண்டு, மொலிப்டினம் சேர்ந்தது, கப்பல் சாமான்களுக்குப் போடுவது. வீட்டுக் குசினிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போதைய பிணைச்சல்கள் கதவுக்குள் 35 மில்லிமீற்றர் வட்டக் குழி வெட்டிப் பூட்டுகிற வகை. பெரும்பாலான கம்பனிகளுக்கு இந்த அளவு ஒன்றுதான். அதனால் பின்னால் ஒன்று பழுதானாலும் மாற்றலாம். இதில் பெரிய பெயர் எடுத்த ஒஸ்ட்ரியாவின் ப்ளூம் கம்பனி 1952இல் தொடங்கியபோது செய்தது குதிரை லாடத்துக்குப் போடுகிற ஆணி. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பொடியன், "அப்ப குதிர கபேட்டுக்குள்ள வந்துட்டு" என்றான். அந்தக் கம்பனிச் சாமான் நம்முடைய பட்ஜெட்டுக்கு எட்டாது, அது வேறு கதை.

மூன்று அடிக்கு மேல் உயரமான கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதாது, மூன்று போடச் சொல்லுங்கள். ஓடாவியார் சில நேரம், "ரெண்டே தாங்கும்" என்பார். தாங்கும், முதல் வருடம்.

லாச்சி விசயத்தில் உம்மா எனக்கே பாடம் படிப்பித்தார். மெதுவாகத் தானே மூடுகிற ஸொஃப்ட் குளோஸ் ரெயில்தான் எல்லாவற்றிலும் நல்லது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே உம்மா இழுத்துப் பார்த்தார், முதல் இழுவைக்கு அது வரவில்லை. மூடும்போது உள்ளே இழுக்கிற அதே ஸ்பிரிங், திறக்கும்போது முதல் இரண்டு அங்குலத்துக்கு எதிர்த்து நிற்கிறது. நமக்குத் தெரியாத அந்தச் சின்ன எதிர்ப்பு அவருடைய விரலுக்குத் தெரிகிறது. ஆகவே உம்மா பாவிக்கிற லாச்சிகளுக்குச் சாதாரண பெயாரிங் ரெயில், பிள்ளைகள் அடித்துச் சாத்துகிற கதவுகளுக்கு ஸொஃப்ட் குளோஸ் பிணைச்சல் என்று பிரித்துக்கொண்டோம். காசும் கொஞ்சம் மிஞ்சியது.

கீழ்ப்பகுதியில் கதவைக் குறைத்து லாச்சியைக் கூட்டினோம். குனிந்து உள்ளே தலையை விட்டுச் சட்டி தேடுகிற வேலை இல்லை. ரெயில் முழு நீளமும் வெளியே வருகிற வகையாக இருக்க வேண்டும். முக்கால்வாசி வந்து நிற்கிற ரெயில் என்றால் பின்னால் வைத்த சாமான் பெருநாளைக்குத்தான் வெளிச்சம் காணும். பெட்டியில் 35 கிலோ, 45 கிலோ என்று தாங்கும் பாரம் போட்டிருப்பார்கள். நோன்புக் கஞ்சிப் பானைக்கும் இரும்புச் சட்டிகளுக்கும் 45ஐ எடுங்கள். சஹன்களை முதலில் அளந்துவிட்டு லாச்சியின் அகலத்தைச் சொல்லுங்கள். கடைகளில் காட்டுகிற மாதிரிப் படங்களில் சஹன் இல்லை.

மேல் கபேட்டுக்கு, கேஸ் தண்டு வைத்து மேல்நோக்கித் தூக்குகிற கதவை ஓடாவியார் மிகவும் புகழ்ந்தார். "டீச்சர், இப்ப எல்லாரும் இதத்தான் போடுறாங்க." உம்மாவின் உயரம் ஐந்து அடிக்கும் குறைவு. திறந்த கதவின் கைபிடி கூரைப் பக்கம் போய்விட்டால் மூடுவதற்கு யார் வருவது? பக்கவாட்டில் திறக்கிற கதவே போட்டோம்.

கேஸ் சிலிண்டரைக் கபேட்டுக்குள் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 கடைசியில் நாடு முழுக்க நடந்த வெடிப்புகளுக்குப் பிறகு நாங்கள் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துக் குழாய் இழுத்துவிட்டோம். உள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் கதவின் அடிப்பகுதியில் காத்துச் சல்லடை பூட்டுங்கள். சமையல் கேஸ் காத்தைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே மட்டும் ஓட்டை வைத்துப் பிரயோசனமில்லை.

என்ட அவர் கட்டாரில். அங்கே ஏதோ வீட்டில் பார்த்த கறுப்பு உருண்டைப் பிடியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார். உழைத்து அனுப்புகிறவர், அவருக்கும் ஆசை இருக்கும்தானே. நான் வாதாடவில்லை, போனை உம்மாவிடம் கொடுத்தேன்.

"மருமகன், அது வடிவுதான். ஆனா அதத் திறக்க நான் புள்ளையக் கூப்பிடணும்" என்றார்.

கொஞ்ச நேரம் அங்கே சத்தம் இல்லை. பிறகு, "சரி மாமி, உங்களுக்குத் தோதானத எடுங்க" என்றார். வளைவுக் கைபிடியையே கறுப்பு நிறத்தில் எடுத்தோம். அலுமினியத்தில் பவுடர் கோட் அடித்தது. இரும்பு இல்லை என்பதால் சிவந்து போகாது, கரடு முரடாகத் தேய்த்தால் கீறல் விழும், அவ்வளவுதான்.

பலகை வேலை முடிந்து, பிணைச்சல், ரெயில் எல்லாம் பூட்டியாகிவிட்டது. கைபிடிக்குத் துளை போட ஓடாவியார் சனிக்கிழமை வருகிறார். கீழ் லாச்சிகளுக்கு எந்த உயரத்தில் வர வேண்டும் என்று உம்மாவை நிற்க வைத்துப் பென்சிலால் அடையாளம் போட்டிருக்கிறோம். 304 தரத்தில் அரை அங்குலத் திருகாணியைச் சில்லறையாக விற்கிற கடை இங்கே பக்கத்தில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆணி வேண்டும், பெட்டிக் கணக்கில்தான் தருவோம் என்கிறார்கள்.