கப்பல் பார்க்க ரயிலா, படகா?

பல்லடத்தில் கடலும் கிடையாது, ரயிலடியும் கிடையாது. அதற்காகக் கப்பல் பார்க்கும் ஆசை வராமலிருக்குமா? திருப்பூரில் ரயிலேறி எர்ணாகுளத்தில் இறங்கினோம், நானும் ஆபீஸ் நண்பரும். சாயங்காலமே திரும்பணும்; திங்கள் காலை டியூட்டி!

"மெட்ரோ ரயில்லயே ஃபோர்ட் கொச்சி போயிரலாமுங்க" என்றார் நண்பர். அங்கே மெட்ரோ ரயில் போகாது, சார்! முன்பு துறைமுகத்துக்கே ரயில் போனது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர், தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய வில்லிங்டன் தீவில், ஹார்பர் டெர்மினஸ் ஸ்டேஷன். 2004-ல் நின்று போச்சு. 2018-ல் மறுபடி விட்டுப் பார்த்தார்கள். ஆள் சேரவில்லை.

ஆக, படகுதான். ஹைகோர்ட் துறையிலிருந்து 2024 முதல் ஏ.சி. வாட்டர் மெட்ரோ ஓடுகிறது, தொடங்கியபோது 40 ரூபாய். சர்க்கார் படகு பத்து ரூபாய்க்குள். என் ஓட்டு சர்க்கார் படகுக்கே! மூஞ்சியில் உப்புக் காற்று, இருபது நிமிஷம், வழியில் துறைமுகத்து கிரேன்கள். அதிர்ஷ்டமிருந்தால் அபார்ட்மென்ட் மாதிரி ஒரு சொகுசுக் கப்பலும் நிற்கும். எங்களுக்கு நின்றது!

திரும்பும்போதுதான் வயிற்றில் புளி. ஞாயிறு மாலை, படகுத்துறையில் அனுமார் வால் கியூ. ரயிலுக்கு ரெண்டு மணி நேரம்தான். சட்டென்று தோப்பும்படி வழி பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நின்றபோது நண்பர் கேட்டார்:

"ஏனுங்க, இதுக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுலயே நின்னிருக்கலாமுங்களே?"

ரயிலைப் பிடித்தபோது மிச்சம் நாலு நிமிஷம்.