கொழுந்தனைக் கேட்ட சட்டம்

களத்திலே வீரன் வீழ்கிறான். கொடி போர்த்துகிறார்கள், துப்பாக்கிகள் முழங்குகின்றன, பதக்கம் அவன் துணைவியின் கையிலே வைக்கப்படுகிறது. நாடு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அதன்பின் அவள் வாழ்வு? அங்கேதான், தோழர்களே, சட்டம் தன் முகத்தைக் காட்டுகிறது!

பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம் போன்ற வீர விருதுகளுக்கு அரசு மாதந்தோறும் படித்தொகை தருகிறது. வீரன் மறைந்தால் அது மனைவியைச் சேரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும் என்றார்கள். அதற்கும் ஒரு விலக்கு வைத்தார்கள். மணப்பது மாண்டவனின் உடன்பிறந்தானை என்றால் தொகை தொடருமாம்! கொழுந்தனைக் கொண்டால் வீரனின் மனைவி. வேறொருவனைக் கொண்டால் யாரோ ஒருத்தி! 2017 நவம்பர் வரையில் இந்த விதி உயிரோடிருந்தது.

கைம்பெண் மறுமணம் செல்லும் என்று 1856-இலேயே சட்டம் பிறந்தது. 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, அது பெண்ணின் உரிமை என்று முழங்கிற்று. எனினும், பெண் புகுந்த வீட்டின் உடைமை என்ற பழங்கணக்கு, படைத்துறை ஏட்டிலே பத்திரமாகத் தங்கியிருந்தது. பணம் வீட்டைவிட்டுப் போகக்கூடாது. பணத்தோடு பெண்ணும் போகக்கூடாது. இதுதானே அந்தக் கணக்கு? பலர் முறையிட்ட பிறகே அது அடிக்கப்பட்டது. இன்று அத்தொகை, மறுமணம் செய்தாலும், அவள் வாழ்நாள் முழுதும் உண்டு.

விதி ஒழிந்தது, அதை ஈன்ற ஐயப்பாடு ஒழிந்ததா? 1783-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட மண் எங்கள் முதுநகர். பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிய வீடுகள் இன்றும் இங்குண்டு. அப்படியொரு வீட்டு அம்மையாருக்கு நாம் மனு எழுதித் தந்தோம். படைப்பதிவிலே அவர் பெயர் ஒருவிதம். குடும்ப அட்டையிலே ஓரெழுத்து வேறு. அந்த ஓரெழுத்துக்காகச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், மீண்டும் மனு! “நான் நான்தான் என்று எத்தனை பேரிடம் சொல்வது, தம்பி?” என்று அவர் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

விடையைச் சட்டத்திடமே தேடலாம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கிலே உச்சநீதிமன்றம் ஒரு நெறி கூறிற்று. படையிற் சேர்ந்தபோது நோய் ஏதும் குறிக்கப்படாத வீரன், பின்னர் உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டால், அக்குறை பணியால் வந்தது என்றே கொள்ளவேண்டும்; அன்று என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. எவ்வளவு எளிய நெறி! மெய்ப்பிக்கும் சுமையை முடவன் தோளிலிருந்து இறக்கி, வலியவன் தோளிலே ஏற்றிற்று.

இதே நெறி மனைவிக்கும் வேண்டும். ஓரெழுத்துப் பிழையென்றால் ஏடு வைத்திருப்பவரே திருத்தட்டும். வீரன் மறைந்த செய்தி அரசுக்குத் தெரியுமன்றோ? உதவித்தொகை தானே வீடு தேடி வரட்டும். விதிகள் அவள் படிக்கும் தமிழிலே இருக்கட்டும். சட்டத்தை எளிமையாக்குவது என்றால் பக்கத்தைக் குறைப்பதன்று, ஐயத்தைக் குறைப்பது.

டிசம்பர் 7 கொடி நாளிலே உண்டியலில் காசு போடும் இளைஞர்களே! காசோடு நில்லாதீர். உம் தெருவிலுள்ள அத்தகைய வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனுவை எழுதிக் கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். அவர்கள் கேட்பது பிச்சையன்று, கடன்!