வெளியூரில் ஒரு நகல்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

பொருளைச் சேர்ப்பது ஒரு கலை என்றால், சேர்த்ததைக் காப்பது அதனினும் பெரிய கலை. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஓலைச்சுவடிக்குக் கரையான் பகை, தீ பகை, வெள்ளம் பகை. ஆகவே சுவடி நைந்து போகுமுன் அதைப் பார்த்து வேறொரு சுவடி எழுதினார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் சிதைந்த பகுதியை வேறோரிடத்துப் பிரதி காட்டிக் கொடுத்தது. ஒரே படியாக இருந்தவற்றின் கதி வேறு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் கிடைக்காத சுவடிகளும் அவற்றுள் இருந்தன.

இன்று ஏட்டின் இடத்தில் கணினி அமர்ந்திருக்கிறது. பழைய பகைகளோடு புதிய பகை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதை நான் நேரில் கண்டேன்.

நம் கல்லூரியில் நான் இரண்டாம் ஷிப்டு மாணவன். காலை வேளைகளில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு கணினிகள், ஐந்து ஊழியர்கள், சுற்று வட்டாரத்துச் சிறு வியாபாரிகள் பலரின் கணக்குகள். 2024 ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நெருக்கடியான நாட்கள். ஒரு திங்கட்கிழமை காலை கணினிகளைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பணம் கொடுத்தால் திறவுகோல் தருவோம் என்று திரையில் ஓர் அறிவிப்பு. பிணைப்பணம் கேட்கும் வைரஸ்!

"பதறாதீங்க, பேக்கப் இருக்கு" என்றார் பெரிய கணக்கர் ஐயா. இருந்தது உண்மைதான். ஆனால் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் அல்லும் பகலும் அதே கணினியில் செருகப்பட்டே இருந்தது. வைரஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

ஆடிட்டர் ஐயா பணம் கொடுக்க மறுத்துவிட்டார். தாக்கல் செய்து முடித்த பழைய கணக்குகளை வருமான வரித் துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடிந்தது. நடப்புக் கணக்குகள் போனது போனதுதான். காகிதக் கட்டுகளை அவிழ்த்து, மூன்று வாரம் இரவும் பகலுமாக அனைவரும் மீண்டும் பதிவு செய்தோம். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கணக்கர் ஐயா, கண்ணில் நீர் வடிய ஒவ்வொரு ரசீதாகப் படித்துச் சொன்னார். மாவு மில் நடத்தும் ஓர் அம்மா, புது இயந்திரம் வாங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய கணக்கு உரிய நாளில் தயாராகவில்லை. முன்பணம் கட்டிய இயந்திரம் கைவிட்டுப் போகாதிருக்கக் காதுத் தோட்டை அடகு வைத்தார். கணினிக் கோப்பு என்பது வெறும் கோப்பன்று, அதற்குள் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

இந்த நிலை மீண்டும் வராதிருக்க வழி என்ன? நம் துறைப் பேராசிரியர் ஐயாவிடம் கேட்டேன். "மூணு நகல் வேணும், ரெண்டு வகைச் சாதனத்தில் இருக்கணும், ஒண்ணு வெளியூரில் இருக்கணும்" என்று சுருக்கமாகச் சொன்னார். கணினி உலகில் இது பழகிப்போன விதி.

ஆடிட்டர் ஐயாவுக்குக் கோவையில் ஒரு கிளை உண்டு. அங்கே சும்மா கிடந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, புதிய டிஸ்க் பொருத்திச் சர்வர் ஆக்கினோம். ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருளை இரு முனையிலும் நிறுவினோம். மாலை ஏழு மணிக்குக் கணக்கு மென்பொருளை மூடிய பிறகு அது தானாக வேலையைத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்பை நகலெடுத்தால் பாதி எழுதிய கடிதத்தைப் படியெடுத்தது போலாகிவிடும். அதனால்தான் இந்த நேரம். முதல் நகல் 180 ஜிபி. போய்ச் சேர மூன்று இரவுகள் ஆயின. அதன் பிறகு, மென்பொருள் கோப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து, புதிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. இப்போது பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அனுப்பினால் மட்டும் போதுமா? பிறர் கணக்கு நம் கையில் உள்ள அடைக்கலப் பொருள் அல்லவா? ஆகவே கோப்புகள் எங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையிலேயே பயணம் செய்கின்றன. வழியில் பறித்தாலும், கோவையில் சர்வரையே தூக்கிச் சென்றாலும், திருடனுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால் நமக்கும் விளங்காது! அதை மீட்டுத் தர உலகில் எவராலும் இயலாது. எனவே காகிதத்தில் எழுதி உறையிலிட்டு, ஒன்றை வங்கி லாக்கரிலும் ஒன்றை ஆடிட்டர் ஐயா வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

இன்னொரு காவலும் உண்டு. எங்கள் அலுவலகக் கணினிகளுக்குச் சர்வரில் புதியதைச் சேர்க்க மட்டுமே அனுமதி. பழையதை அழிக்க அனுமதி இல்லை. கோயில் உண்டியலைப் போல, போடலாம். எடுத்து எறிய முடியாது. நாளை மறுபடியும் வைரஸ் நுழைந்தாலும் நேற்றைய நகலைத் தொட அதனால் ஆகாது.

இவ்வளவு செய்தும், மீட்டுப் பார்க்காத நகல் நகலே அன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தகவல்களை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கப் பல ஏற்பாடுகள் இருந்தன; தேவைப்பட்ட நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகலே காப்பாற்றியது. இதை அறிந்த நாங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதேனும் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைக் கோவையிலிருந்து வரவழைத்து, வேறொரு கணினியில் திறந்து, கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிறோம். முதல் சோதனையிலேயே பலன் கிடைத்தது. கணக்கர் ஐயா தம் கோப்புகளில் பாதியை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார் என்பதும், அவை கோவைக்குப் போகவே இல்லை என்பதும் அன்று தெரியவந்தது. உடனே அவற்றையும் சேர்த்துக்கொண்டோம். "தம்பி, இது வருஷக் கடைசியில் சரக்கு எண்ணிப் பார்க்கிற மாதிரில்ல இருக்கு!" என்று அவர் சிரித்தார்.

தொலைவில் வைப்பதன் அருமையை உணர்த்த உலகில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 2017 ஜூனில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை ஒரு வைரஸ் உலகெங்கும் முடக்கியது. பயனர் விவரங்களைக் காக்கும் முக்கிய சர்வர்கள் அனைத்தும் போயின, ஒன்றே ஒன்று தவிர. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் அந்நேரம் மின்சாரம் இல்லை. அதனால் அது தப்பியது. அதைக் கொண்டே நிறுவனம் மீண்டெழுந்தது. இதற்கு மாறாக, 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் பணிக் கோப்புகள் 858 டெராபைட் அங்கே இருந்தன. வெளியே நகல் இல்லை. கணினித் துறையில் முன்னணி வகிக்கும் நாட்டுக்கே இந்த நிலை என்றால், நம் ஊர் அலுவலகங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மாணவ நண்பர்களே! உங்கள் புராஜெக்ட் அறிக்கை ஒரே பென் டிரைவில் இருக்கிறதா? முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! நான்காண்டு உழைப்பு ஒரே மடிக்கணினியில் உறங்குகிறதா? பேராசிரியப் பெருமக்களே! துறை அலுவலகத்தில் உள்ள மதிப்பெண் பட்டியல்களுக்குக் கட்டடத்துக்கு வெளியே ஒரு நகல் உண்டா? செலவு பெரிதன்று. ஒரு பழைய கணினி, ஒரு டிஸ்க், இலவச மென்பொருள், மாதம் ஒருமுறை அரைமணி நேரம். அந்த மாவு மில் அம்மாவுக்குக் கடன் ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது. வட்டியோடு தோட்டையும் மீட்டுக்கொண்டார். அவருடைய இந்த ஆண்டுக் கணக்கு இப்போது கோவையிலும் இருக்கிறது. சென்ற மாதம் திறந்து பார்த்தேன், காசு பிசகாமல் இருந்தது.