கோவேந்தர் என்றொரு பெயர்

நமக்குப் பெயர் உண்டு, தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரில் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாழ்நாளை ஓட்டிவிடுகிறோம். என் தாத்தாவுக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு வேறோர் எழுத்து, எனக்கு இன்னோர் எழுத்து. மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், எங்கள் பெயர்களை மட்டும் பார்க்கும் வெளிநாட்டார் ஒரே குடும்பம் என்று நம்பமாட்டார். ஆனால் கடல் கடந்து சென்ற நம்மவர் பலர் நிலையான குடும்பப் பெயர்களைப் பெற்றிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று சென்ற ஆண்டு முதல் என்னைத் துரத்தி வருகிறது.

எங்கள் ஆங்கில வகுப்பில் விரிவுரையாளர் தென்னாப்பிரிக்க எழுத்தாளர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒருவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். முற்பகுதி 'ரோனி'. பிற்பகுதியை என் பக்கத்து நண்பன் "கோவேந்தர்" என்று உரக்கப் படித்தான். "ஐயா! கோ என்றாலும் அரசன், வேந்தர் என்றாலும் அரசர். இவர் என்ன இரட்டை அரசரா?" என்று ஐயமும் எழுப்பினான். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளரும் சிரித்துவிட்டு, "அந்த எழுத்தைத் தகரமாகப் படிக்காதே, டகரமாகப் படி" என்றார். கோவெண்டர்! இன்னும் சற்று விரைவாகச் சொல்லிக் காட்டினார். கவுண்டர்! சிரிப்பு சட்டென்று நின்றது. எங்களில் பலர் வீட்டுப் பழைய பத்திரங்களில் காணும் பட்டமாயிற்றே அது!

ரோனி கோவெண்டர் 1934இல் டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர், நாடக ஆசிரியர். அவருடைய கேட்டோ மேனர்க் கதைகள் 1997இல் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசை ஆப்பிரிக்க மண்டலத்திற்காகப் பெற்றன. 2021இல் மறைந்தார். நிறவெறி அரசு அப்பகுதி மக்களை வீடு வாசலிலிருந்து வெளியேற்றிய கொடுமையை எழுத்தில் பதித்தவர். இத்தகைய மனிதர் நம் வடார்க்காட்டு வயல்வெளியில் கேட்கும் ஒரு சொல்லைத் தம் பெயரின் வாலாகக் கொண்டிருந்தது எப்படி?

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் 'காவுண்ட' என்றால் ஊர்த் தலைவன். கொங்கு நாட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்ற வடிவத்தைக் காண்கிறோம். ஊரை மேற்பார்க்கும் பொறுப்பின் பெயர், காலப்போக்கில் பட்டமாயிற்று. அதுவும் ஒரே சாதியாரின் பட்டமன்று. கொங்கு நாட்டில் ஒரு பிரிவினர், வடார்க்காட்டில் வேறு பிரிவினர், மலைப்பகுதிகளில் இன்னும் சிலர் என்று பலரும் அதைச் சூடியிருக்கிறார்கள்.

இனி அது கப்பலேறிய கதை. 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். 1911இல் இம்முறை நிற்கும் வரை அங்குச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வடார்க்காடு மாவட்டத்திலிருந்து போனவர்கள் மிகுதி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம் என்று பட்டியல். மச்சத்தையும் தழும்பையும் கூட எழுதிக்கொண்டார்கள். ஆனால் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுத நம்மவரிடம் ஒன்றும் இல்லை.

வெள்ளையர் ஆட்சியின் பதிவேடுகளுக்கோ குடும்பப் பெயர் வேண்டும். ஆகவே கைக்குக் கிடைத்தது பெயராயிற்று. சிலருக்குத் தந்தையின் பெயர் நின்றது. முத்துசாமியும் பெருமாளும் குடும்பப் பெயர்களாயினர். சிலருக்குச் சாதிப் பட்டம் நின்றது. முதலி 'மூட்லி' ஆனார். படையாட்சி 'படையாச்சி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். எழுதிய கை காதில் விழுந்தபடி எழுதியது. எழுதியபடியே பேரனும் கொள்ளுப்பேரனும் அழைக்கப்பட்டார்கள். இங்கே அந்த வடிவில் ஒருவரையும் காண முடியாது. டர்பனிலோ தெருவுக்கு நாலு கோவெண்டர். நம்மூர் முருகனைப் போல அங்கே சர்வ சாதாரணம்!

பெயரைச் சிதைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. தமிழ்ப் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி'யைப் பிடித்துக்கொண்டு, இந்தியர் எல்லோரையுமே இளக்காரமாக 'சாமி' என்று விளித்தார்கள். காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் இதைக் குறிப்பிடுகிறார். சாமி என்றால் எசமானன் என்று பொருள். நான் உனக்கு எசமானனா என்று சிலர் திருப்பிக் கேட்டதையும் எழுதியிருக்கிறார். கூலிக்கு வந்தவனின் கையில் வேறு ஆயுதம் இல்லாத இடத்தில், பெயரின் பொருளே ஆயுதமாயிற்று.

இதே காலத்தில் தாயகத்தில் நடந்தது நேர்மாறானது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. என் தாத்தா ஆசிரியர் வேலையில் சேர்ந்தபோது தம் பெயரின் வாலை வெட்டிவிட்டார். அதைப் பெருமையோடு சொல்வார். இங்கே நாயக்கர் என்ற பட்டத்தைப் பலர் துறந்துகொண்டிருந்தபோது, அங்கே மான்டி நாயக்கர் என்ற மருத்துவர், 1945 முதல் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக நின்று நிறவெறியை எதிர்த்தார். அங்கே அது குடும்பத்தின் அடையாளம். இங்கே அது ஏற்றத்தாழ்வின் அடையாளம். தாத்தா வெட்டியதைத் திரும்ப ஒட்டவேண்டும் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது எங்கள் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆயாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். சென்னைக்குப் போய்க் கப்பலேறியவர் திரும்பவே இல்லையாம்.

"ஏண்டா, அந்தக் கோவெண்டருங்க நம்ம சின்னத் தாத்தா வழியில வந்தவங்களா இருக்குமா?" என்றார்.

"அவர் பேரு என்ன ஆயா?"

ஆயா நெடுநேரம் யோசித்தார். "கப்பக்காரருன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

அவ்வளவுதான். கப்பலேறியவரின் கப்பல் மட்டும் வீட்டில் மிஞ்சியிருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பெயரும் தந்தை பெயரும் ஊரும் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். வெறும் கவுண்டர் என்று தேடினால் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நிற்பார்கள். பட்டம் கடலைத் தாண்டிவிட்டது. உறவைக் காட்டும் பெயர் ஊரிலேயே மறந்து போயிற்று.

பழைய கதைதானே என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். என் அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயம், 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. தன் விசா வேறு வகையானாலும், எதற்கு வம்பு என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரை நிரப்பிப் புதுக் கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டான். இன்று அங்கே அலுவலகத்தில் எல்லோரும் அண்ணனை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். இதைக் கேட்ட அப்பா, "நான்தான் துபாயைப் பார்த்ததில்லை, என் பேராவது பார்க்கட்டும்" என்றார். நாளை அண்ணனின் பிள்ளைகளுக்கும் அதுவே குடும்பப் பெயராகலாம். ஒரு படிவத்தின் ஒரு கட்டம், ஒரு வம்சத்தின் பெயரை இப்படித்தான் முடிவு செய்கிறது.

நண்பர்களே! நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுப் போகப் போகிறோம். எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பவர் நமக்கும் ஒரு பெயர் வைப்பார். அதற்கு முன், இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுங்கள். தாத்தா பாட்டியின் அருகில் உட்காருங்கள். அவர்களுடைய பெற்றோர் பெயர், அவர்களையும் பெற்றவர்கள் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். தலைப்பெழுத்திலும் குடும்பப் பெயரிலும் அவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்ததில்லை. பட்டம் வேண்டாம், பெயர் வேண்டும். நான் பதினேழு பெயர்கள் எழுதியிருக்கிறேன். பதினெட்டாவது இடத்தில் 'கப்பக்காரர்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.