ஏறும்போது பார்க்க வேண்டிய பள்ளத்தாக்கு

கிராண்ட் கேன்யன், தெற்கு விளிம்பு
அரிசோனா, அக்டோபர்

அன்புள்ள தோழிக்கு,

நாங்கள் மூன்று பேர் கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கி ஏறிவிட்டோம். பிரைட் ஏஞ்சல் பாதையில் பிளாட்டோ பாயின்ட் வரை போய், அன்று மாலையே மேலே வந்து சேர்ந்தோம். போக வர 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இறக்கம் ஏறக்குறைய 950 மீட்டர், ஏற்றமும் அவ்வளவே. அடுத்த ஆண்டு நீயும் வரப்போவதாக எழுதியிருந்தாய். கால்வலி ஆறுவதற்குள், எல்லாம் பசுமையாக நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். நம்மூர்ப் பருவதமலை ஏறும்போது முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடலாம், இறக்கம் நமக்குக் கைகொடுக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். காலையில், உடம்பில் தெம்பு இருக்கும்போது, பாதை தானாக இழுத்துக்கொண்டு போகும். கால் சோர்ந்து வெயில் ஏறிய பிறகுதான் ஏற்றம் தொடங்கும். கீழே போகப்போகச் சூடும் கூடும். ஏறக்குறைய 300 மீட்டர் இறங்கினால் 3 டிகிரி செல்சியஸ் கூடும் என்பது இங்குள்ள கணக்கு. விளிம்பில் அக்டோபர் விடியற்காலையில் உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரும். அதே மாதம் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரையில் நண்பகல் வெப்பம் 29 டிகிரியைத் தொடும். கோடையில் அந்த ஆழம் 40 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் கோடைக்காலத்தில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்கிறது பூங்கா நிர்வாகம். ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலாதீர்கள் என்று பாதையோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் இந்த ஆழத்திலிருந்து மீட்கப்படுகிறார்கள் என்று பூங்காவின் அறிவிப்பு சொல்கிறது.

ஆகவே நாங்கள் ஆற்றுக்கு இறங்கவில்லை. ஆற்றை மேலிருந்து பார்க்கக்கூடிய கடைசி மேடைதான் பிளாட்டோ பாயின்ட். அதுவரை போவது, வழியில் யாருக்காவது முடியாவிட்டால் மூன்று பேரும் சேர்ந்தே திரும்புவது என்று புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்தோம். அந்தப் பேச்சை மேலேயே முடித்துவிட வேண்டும். இறங்கும்போது எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் தோன்றும்.

பயிற்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 950 மீட்டர் என்பது 300 மாடிக்கு மேல். எனவே படிதான் எங்களுக்கு ஆசான். அலுவலகத்தின் கார் நிறுத்தக் கட்டடத்தில் முதுகில் தண்ணீர்ப் பையுடன் ஏறி இறங்கினோம். ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழக வேண்டும். இறங்கும்போது தொடையின் முன்தசை உடம்பின் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. பழகாத தசை அந்த வேலையில் புண்பட்டுப்போகும். பிறகு ஏற்றத்துக்குக் கால் ஒத்துழைக்காது. கையில் இரண்டு நடைக்கோல் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். இறங்கத் தொடங்குமுன் காலணியின் கயிற்றைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டு. இல்லையென்றால் விரல் நுனி முன்னால் இடித்து இடித்தே நகம் கறுத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். இந்தப் பாதையில் குழாய்கள் உண்டு. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம், வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் அது. 1960களில் போட்ட குழாய், பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து தெற்கு விளிம்பு வரை வருகிறது. அது பழசாகிவிட்டதால் அடிக்கடி உடைகிறது. மேலேயுள்ள குழாய்களைக் குளிர்காலத்தில் அடைத்தும் விடுவார்கள். புறப்படும் நாள் காலையில் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று பூங்காவில் கேட்டுத் தெரிந்துகொள். அப்படியும் எல்லாக் குழாயும் நின்றுபோனாலும் சமாளிக்கும் அளவுக்குத் தண்ணீரும், ஓடைநீரை வடிகட்டும் கருவியும் பையில் இருக்கட்டும்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். வியர்வையோடு உப்பு வெளியேறும். வெறும் தண்ணீர் உள்ளே போகப்போக ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகும். நீர் வற்றியதன் அறிகுறி என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். குடிக்கும்போதெல்லாம் உப்புள்ள ஏதாவது தின்ன வேண்டும் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நம் சமையலறைக்கு அது கஷ்டமா? எலுமிச்சை சாதம், உப்புக்கடலை, முறுக்கு, வாய்க்கு இனிப்பாகக் கடலைமிட்டாய் எடுத்துப்போனோம். பசிக்காகக் காத்திருக்கவே இல்லை.

தலைவிளக்கை மாட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கினோம். முதல் சுரங்க வழியைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. அங்கே நின்று மேலே, பாறையின் தொங்கலுக்கு அடியில் பார். செங்காவியில் தீட்டிய பழங்குடி ஓவியங்கள் இருக்கின்றன. பாதை ஏன் இந்த இடத்தில் இறங்குகிறது என்பதற்கும் அங்கேயே விடை இருக்கிறது. நிலத்தின் பெரிய பிளவு ஒன்று இந்த வழியாக ஓடுகிறது. பிளவின் ஒரு பக்கத்துப் பாறை அடுக்கு மறுபக்கத்து அடுக்கோடு பொருந்தாமல் ஏறி இறங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செங்குத்துச் சுவர்கள் அந்த உடைப்பில் சரிந்து வழிவிட்டிருக்கின்றன. விலங்குகள் முதலில் நடந்திருக்கும். அவற்றுக்குப் பின் ஹவாசுபாய் மக்கள் நடந்தார்கள். பிறகு வந்த ரால்ஃப் கேமரன் என்ற சுரங்கக்காரர் இதை அகலப்படுத்தி, இறங்குபவர்களிடம் தலைக்கு 1 டாலர் வசூலித்தார். அவருடைய பிடியைத் தவிர்க்கவே பூங்கா 1924, 1925 ஆண்டுகளில் சவுத் கைபாப் என்ற தனிப் பாதையை வெட்டியது. பிரைட் ஏஞ்சல் பாதை 1928இல்தான் பூங்காவின் கைக்கு வந்தது.

கோவேறு கழுதைகள் எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். அவற்றை ஓட்டி வருபவர் சொல்வதுதான் அங்கே சட்டம். ஒன்றரை மைலிலும் மூன்று மைலிலும் கல்லால் கட்டிய ஓய்வு மண்டபங்கள் உண்டு. 1930களின் பெருமந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டியவை.

7 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியதும் ஹவாசுபாய் கார்டன்ஸ் வருகிறது. அதுவரை கல்லும் புழுதியும்தான். திடீரென்று காட்டன்வுட் மரங்களின் நிழல், பக்கத்தில் சலசலக்கும் ஓடை. இங்கே ஹவாசுபாய் மக்கள் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1919இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. அதற்குப் பிறகு அவர்களுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. கடைசியாக இருந்தவரையும் 1928இல் வெளியேற்றினார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்த இடம் இந்தியன் கார்டன் என்றே அழைக்கப்பட்டது. அந்த மக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 2022 நவம்பரில்தான் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. அந்த நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வேறொருவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு நீங்கவேயில்லை. நீ வரும்போதும் அந்த எண்ணத்தோடு உட்கார வேண்டும் என்று விரும்புகிறேன்.

அங்கிருந்து பிளாட்டோ பாயின்ட் வரை சுமார் ஒன்றரை மைல்தான். ஆனால் துளி நிழல் கிடையாது. கற்றாழை இனச் செடிகளும் சப்பாத்திக் கள்ளியும் புதர்களும் பரந்த சமவெளி. அது முடியும் இடத்தில் நிலம் சட்டென்று அறுந்துபோகிறது. இரும்புக் கம்பித் தடுப்புக்கு அப்பால், சுமார் 400 மீட்டர் கீழே, கொலராடோ ஆறு. அதன் இரைச்சல் மேலே கேட்கிறது. இந்த ஆறுதான் கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில் இவ்வளவையும் அறுத்திருக்கிறது.

இப்போது நான் உனக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இறங்கும்போது கண் முழுவதும் காலடியில் இருக்கும். கல் தட்டக் கூடாது, வழுக்கக் கூடாது என்ற கவனத்தில், பள்ளத்தாக்கு பின்னால் ஒரு பெரிய படமாகத்தான் தெரியும். ஏறும்போது நடை மெதுவாகும். பாறைச் சுவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இறங்கிய நேரத்தைப்போல இரு மடங்கு ஏற்றத்துக்கு ஒதுக்கு என்பது இங்குள்ள விதி. அந்த இரு மடங்கு நேரமும் பார்ப்பதற்குக் கிடைத்த நேரம்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாய். பிளாட்டோ பாயின்டில் உன் காலடியில் இருப்பது 50 கோடி ஆண்டுப் பழமையுள்ள மணற்கல். அதற்கு அடியில், ஆற்றின் இரு கரையிலும் கறுத்து நெளிந்து நிற்பது விஷ்ணு ஷிஸ்ட் பாறை. அதன் வயது சுமார் 170 கோடி ஆண்டு. பெயரைப் பார்த்து வியக்காதே. கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் இங்குள்ள சிகரங்களுக்கு விஷ்ணு, சிவன் என்றெல்லாம் பெயர் வைத்தார். பாறைக்கும் அந்த வழியில் பெயர் வந்தது. இரண்டு பாறைகளும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைக் கோட்டில் ஏறக்குறைய 120 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்தக் காலத்துப் பாறை அங்கே இல்லை, அரிக்கப்பட்டுவிட்டது.

அந்த இடத்திலிருந்து ஏற ஏறக் காலம் நம்மோடு முன்னோக்கி நடக்கிறது. முதலில் பச்சை சாயலுள்ள களிப்பாறை, பழங்கடலின் சேறு. பிறகு ஜேக்கப்ஸ் லேடர் என்ற கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான ரெட்வால் சுண்ணாம்புக் கல்லைப் பிடித்து ஏறுகின்றன. 34 கோடி ஆண்டுக் கடல்தளம், சுமார் 150 மீட்டர் கனம். பெயரில் சிவப்பு இருந்தாலும் கல்லின் உள்நிறம் சாம்பல். மேலடுக்குகளிலிருந்து மழைநீர் இறக்கிய இரும்புச் சாயம்தான் வெளியே பூசியிருக்கிறது. உடைந்த இடத்தில் நின்று உள்நிறத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் செக்கச்சிவந்த சுபாய் அடுக்குகள். அவற்றையும் தாண்டி வெளிர்நிறக் கொகோனினோ மணற்கல், 28 கோடி ஆண்டுக்கு முந்தைய பாலைவன மணல்மேடு. காற்று குவித்த சாய்கோடுகள் கல்லில் அப்படியே உறைந்திருக்கின்றன. உச்சியில் கைபாப் சுண்ணாம்புக் கல், 27 கோடி ஆண்டு, மீண்டும் கடல். கடல் உயிரிகளின் எச்சங்கள் கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் நிற்கின்றன.

மூச்சு இரைத்து, தொடை நடுங்கி, அடுத்த வளைவு எப்போது என்று தரையைப் பார்த்தபடி ஏறுபவருக்கு இதில் எதுவும் தெரியாது. எங்கள் முன்னே அப்படிப் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு தன்னார்வலர், உச்சி வெயிலில் கையில் சின்னத் தண்ணீர் போத்தலோடு இறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களை நிறுத்தி, என்ன சாப்பிட்டீர்கள், எதுவரை போகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். அவர்கள் சற்று யோசித்துத் திரும்பி ஏறினார்கள். மீட்பதைவிட முன்கூட்டியே தடுப்பது மேல் என்று பூங்கா இப்படி ஆட்களை நிறுத்துகிறது. அந்த மனிதர் செய்ததை நான் பெரிய சேவையாக நினைக்கிறேன்.

நாங்கள் பேச முடிகிற வேகத்தில்தான் ஏறினோம். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைத்தோம். அடிக்கடி உட்கார்ந்து, காலை உயர்த்தி வைத்து, உப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். அதனால் கடைசி மைலிலும் தலை நிமிர்ந்திருந்தது. மாதக்கணக்கில் படி ஏறியதன் பலன் அதுதான் என்று எனக்குப் பட்டது. தூரம் போவதற்கு மட்டுமென்றால் அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை; பார்ப்பதற்குத் தெம்பை மிச்சம் வைக்கத்தான் அந்த உழைப்பு.

எனவே நீ வருவதற்கு ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதத்தைத் தேர்ந்தெடு. இப்போதே படி ஏறத் தொடங்கு. இறங்குவதையும் சேர்த்துப் பழகு. பிளாட்டோ பாயின்ட் வரை போக முடியாவிட்டாலும் குறையில்லை. மூன்று மைல் மண்டபத்திலிருந்து திரும்பினாலும், பல கோடி ஆண்டுக் கதை கொண்ட பாறை உன் முகத்துக்கு நேரே இருக்கும். எங்கே திரும்புவது என்பதை மேலேயே முடிவு செய்துகொள்வோம். திரும்பிய பிறகு மெதுவாக, நின்று நின்று, பார்த்துக்கொண்டே ஏறுவோம். எந்த மாதம் வருகிறாய் என்று உடனே எழுது. நான் விடுப்புக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி